காட்டோரப் பட்டா நிலத்தில் வீடு, கொட்டகை, வேலி: அஸ்திவாரத்துக்கு முன் செய்ய வேண்டியவை

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகிற வழியில் சாலையை விட்டுக் கொஞ்ச தூரம் உள்ளே போனால் ஒரு அஸ்திவாரக் குழி இருக்கிறது. முப்பதுக்கு நாற்பது அடி. தூண் கம்பிகள் துருவேறி நிற்கின்றன. மழை பெய்தால் தண்ணீர் தேங்கித் தவளை கத்தும். நிலத்துக்காரர் முதலில் பிளான் போட்டார், மேஸ்திரிக்கு முன்பணம் கொடுத்தார், பூமி பூஜை போட்டார், அப்புறம் ஊராட்சியில் மனு கொடுத்தார். வனத்துறை அவர் நினைவுக்கு வந்தது கடைசியில்தான். நிலம் அவருடையதுதான், பட்டாவிலும் குறை இல்லை. வேலைகளை முன்பின்னாகச் செய்ததில்தான் மாட்டிக்கொண்டார்.

நான் எனக்காக ஒரு முறையும் அக்கம்பக்கத்தில் நாலைந்து பேருக்காகவும் இந்த வேலையை அலைந்து முடித்திருக்கிறேன். வக்கீல் இல்லை, ஒன்றரை ஏக்கரில் ராகியும் அவரையும் போடுகிறவன். ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் காட்டை ஒட்டியோ, காட்டுக்கு நடுவில் தீவு மாதிரியோ ஓரிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கும், வாங்க நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வரிசை மாறாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படியில் கிடைக்கும் காகிதமும் அடுத்த படியில் கேட்கப்படும்.

1. முதலில் பெயர்: இங்கே தேசியப் பூங்கா இல்லை

மனுவில் 'நேஷனல் பார்க் அருகில் உள்ள எனது நிலம்' என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் தேசியப் பூங்கா கிடையாது. தளி, ஜவளகிரி பக்கம் எல்லைக்கு அப்பால் இருக்கும் பன்னேருகட்டாதான் தேசியப் பூங்கா. அது கர்நாடகத்தைச் சேர்ந்தது. நம் பக்கம் இருப்பவை சரணாலயங்கள். காவேரி வடக்கு 2014இல் அறிவிக்கப்பட்டது, சுமார் 504 சதுர கிலோமீட்டர். காவேரி தெற்கு 2022 நவம்பரில் வந்தது, சுமார் 686 சதுர கிலோமீட்டர்.

இது வெறும் பெயர்ப் பிரச்சினை இல்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி தேசியப் பூங்காவாக அறிவிக்கும் முன் உள்ளே இருக்கும் தனியார் உரிமைகள் தீர்க்கப்பட்டு நிலம் அரசுக்கு வந்துவிட வேண்டும் (பிரிவு 35). அங்கே ஆடு மாடு மேய்க்கவும் முடியாது. சரணாலயத்தில் அப்படி இல்லை. விசாரணையின்போது ஒருவரின் உரிமை தொடரட்டும் என்று மாவட்ட ஆட்சியர், தலைமை வன உயிரினக் காப்பாளரைக் கலந்துகொண்டு, விட்டுவைக்கலாம் (பிரிவு 24). அதனால் தேசியப் பூங்காவுக்கான விதியை யாராவது படித்துக் காட்டிப் பயமுறுத்தினால் பயப்பட வேண்டாம். அதே போல, இன்னொரு மாவட்டத்துக்காரர் தனக்குக் கிடைத்த சலுகையைச் சொன்னாலும் நம்பிவிட வேண்டாம்.

இன்னொன்று. நம் சரணாலயங்கள் இரண்டும் காப்புக்காடுகளை, அதாவது வனச் சட்டப்படி அரசு அறிவித்துக் காக்கும் காடுகளை, சேர்த்து அறிவிக்கப்பட்டவை. பட்டா ஊர்கள் பல அந்தக் காப்புக்காட்டு எல்லைக்குள் சேராமல், சுற்றிலும் காடு இருக்க நடுவில் கிடக்கின்றன. சட்டப்படி அவை காட்டுக்குள் இல்லை. ஆனால் காட்டைக் கடக்காமல் அங்கே போக முடியாது. சிக்கல் பாதி அங்கேதான் பிறக்கிறது.

2. நிலத்தின் காகிதங்கள்

பட்டா, சிட்டா, அ-பதிவேட்டு நகல், புல வரைபடம், வில்லங்கச் சான்று ஆகிய ஐந்தையும் எடுங்கள். பெரும்பாலானவை இ-சேவைத் தளத்திலேயே கிடைக்கும். வில்லங்கம் குறைந்தது முப்பது வருடத்துக்குப் போடுங்கள்.

புதியவர்கள் பட்டாவைப் பார்த்ததும் நிறுத்திவிடுகிறார்கள். அ-பதிவேடுதான் முக்கியம். நிலம் நஞ்சையா, புஞ்சையா, தரிசா, அரசு ஒப்படை செய்த (ஒருவருக்கு ஒதுக்கிக் கொடுத்த) நிலமா என்பது அதில்தான் தெரியும். ஒப்படைப் பட்டாவில் நிபந்தனை இருக்கும்: இத்தனை வருடம் விற்கக் கூடாது, இன்னாருக்குத்தான் விற்கலாம், விவசாயத்துக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று. நிபந்தனை மீறப்பட்டால் ஒப்படையை ரத்து செய்ய முடியும். அப்படிப்பட்ட நிலத்தில் வீடு கட்டுவதைப் பற்றி யோசிப்பதற்கு முன் தாசில்தார் ஆபீசில் ஒப்படை ஆணையின் நகலைக் கேளுங்கள்.

அடுத்து, பிரிபடாத பங்கு. தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் 'ஃபார்ம் லேண்ட்' என்று கால் ஏக்கர், அரை ஏக்கராக விற்கிறார்கள். பத்திரத்தில் பார்த்தால் பன்னிரண்டு ஏக்கரில் பிரிபடாத இத்தனை பங்கு என்று இருக்கும். உங்கள் பங்குக்குத் தனி உட்பிரிவு எண் கிடையாது, தனிப் புல வரைபடமும் கிடையாது. அப்படியானால் இந்த வழிகாட்டியின் அடுத்த படிகள் எதையும் உங்களால் தனியாகச் செய்ய முடியாது. கூட்டுப் பட்டாவில் இருக்கும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டிவரும். வாங்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

3. உங்கள் சர்வே எண் எந்தக் கோட்டுக்குள் விழுகிறது?

மூன்று கோடுகள் இருக்கின்றன. மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று இல்லை என்பதால் மற்றதும் இருக்காது என்று நினைக்கக் கூடாது.

முதல் கோடு, காப்புக்காடு மற்றும் சரணாலய எல்லை. நிலம் இதற்கு வெளியே இருக்க வேண்டும். தமிழ்நாடு வனச் சட்டம், 1882இல் பிரிவு 4 அறிவிக்கை என்பது 'இதைக் காப்புக்காடாக்கப் போகிறோம்' என்ற அறிவிப்பு. பிரிவு 16 இறுதி அறிவிப்பு. பிரிவு 4 வந்து 16 வராமல் பல வருடம் கிடக்கும் நிலங்கள் உண்டு. 'இன்னும் காடு ஆகவில்லை சார், தைரியமா வாங்கலாம்' என்பார்கள். அதை நம்பக் கூடாது. பிரிவு 4 வந்த பிறகு அந்த நிலத்தில் புதிதாக உரிமை உண்டாவதைச் சட்டமே தடுக்கிறது. வன உயிரினச் சட்டத்திலும் பிரிவு 18 அறிவிக்கை ('இதைச் சரணாலயமாக்கப் போகிறோம்' என்ற அறிவிப்பு) வந்த நிலத்தில் வாரிசு முறையில் தவிர வேறு எந்த வழியிலும் உரிமை வராது. அப்பா சொத்து மகனுக்கு வரும். கிரயம் வாங்கியவருக்கு வராது.

இரண்டாவது கோடு, சூழல் உணர்திறன் மண்டலம், அதாவது சரணாலயத்தைச் சுற்றி என்ன செய்யலாம், என்ன கூடாது என்று கட்டுப்பாடு உள்ள பகுதி. ஆபீஸ்களில் ஈஎஸ்இசட் என்பார்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1986இன் கீழ் ஒன்றிய அரசு இதை அரசிதழில் வெளியிடும். ஒவ்வொரு சரணாலயத்துக்கும் தனி அறிவிக்கை. அகலமும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. அதில் கிராமப் பட்டியலும், எல்லைப் புள்ளிகளின் அட்சரேகை தீர்க்கரேகையும், வரைபடமும் இருக்கும். வாட்ஸப்பில் வருவதை நம்பாமல் அரசிதழ் நகலையே எடுங்கள். வரைவா, இறுதியா என்று தலைப்பைப் பாருங்கள். வரைவு வந்து 60 நாளுக்குள் ஆட்சேபம் அனுப்பலாம். நம் ஊரில் அப்படி அனுப்பியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

'எங்கு பார்த்தாலும் ஒரு கிலோமீட்டர்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், 2022 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம் பாதுகாக்கப்பட்ட காடுகளைச் சுற்றிக் குறைந்தது ஒரு கிலோமீட்டர் இந்த மண்டலம் வேண்டும் என்றது. 2023 ஏப்ரல் 26 அன்று அதே நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. ஆனால் சரணாலயத்துக்குள்ளும் அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளும் சுரங்கம், குவாரி கூடாது என்பது அப்படியே நிற்கிறது. பழைய உத்தரவை மட்டும் வைத்துக்கொண்டு இரு தரப்பும் சண்டை போடுவதை ஒரு கிராமசபையில் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது கோடு ஹாக்கா, அதாவது மலையிடப் பாதுகாப்புக் குழுமம். 1990இல் வந்தது. இதற்குக் கிராமப் பட்டியல் இருக்கிறது. உங்கள் வருவாய்க் கிராமத்தின் பெயர் அதில் இருந்தால் காட்டிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி இருந்தாலும் தனி அனுமதி வேண்டும். பட்டியலை மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது வருவாய்க் கிராமத்தின் பெயரைச் சொல்லுங்கள். குக்கிராமத்தின் பெயரையோ ஊராட்சியின் பெயரையோ சொன்னால் 'இல்லை' என்ற பதில் எளிதாகக் கிடைத்துவிடும், அந்தப் பதிலால் பயன் இல்லை.

4. எல்லைக் கோட்டைத் தரையில் பாருங்கள்

காப்புக்காட்டு எல்லையில் கல்லைக் குவித்து, சுண்ணாம்பு அடித்து, எண் எழுதி வைத்திருப்பார்கள். லண்டானா புதருக்குள் மறைந்திருக்கும், தேட வேண்டும். உங்கள் நிலத்துக்கு மிக அருகில் இருக்கும் இரண்டு குவியல்களின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போனில் அந்த இடங்களின் புள்ளியையும், நிலத்தின் நாலு மூலைகளின் புள்ளியையும் எடுங்கள். போன் ஐந்து பத்து மீட்டர் தள்ளிக் காட்டும். அதனால் எல்லையை ஒட்டி இருக்கும் நிலத்துக்கு இது போதாது, அளவையர்தான் வர வேண்டும்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. அரசிதழில் புள்ளிகள் டிகிரி, நிமிடம், நொடி என்று இருக்கும். 12 டிகிரி 30 நிமிடம் என்பதைப் போன் வரைபடத்தில் 12.30 என்று அடித்துவிடுகிறார்கள். 60 நிமிடம் ஒரு டிகிரி. ஆகவே அது 12.50. இந்த 0.20 வித்தியாசம் தரையில் கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர். ஒருவர் 'நம்ம நிலம் எல்லையிலிருந்து ரொம்ப தூரம்ண்ணா' என்று சந்தோஷமாகப் போனைக் காட்டினார். நாங்கள் நின்றிருந்த இடத்திலிருந்து சுண்ணாம்பு அடித்த குவியல் தெரிந்தது.

தூரம் என்பது நேர்க்கோட்டுத் தூரம், உங்கள் நிலத்தின் எல்லைக்கு மிக அருகிலுள்ள காட்டுப் புள்ளியிலிருந்து. சாலை வழித் தூரத்தையோ நிலத்தின் நடுவிலிருந்து அளந்ததையோ எழுதினால் ஆய்வுக்கு வருகிறவர் முதல் நாளே உங்கள் மனுவைச் சந்தேகத்தோடு பார்ப்பார்.

எல்லையில் தகராறு இருந்தால் வருவாய்த்துறையும் வனத்துறையும் சேர்ந்து அளக்கும்படி தாசில்தாருக்கும் மாவட்ட வன அலுவலருக்கும் ஒரே நாளில் மனு கொடுங்கள். ஒரு துறையின் அளவையர் மட்டும் வந்து நட்ட கல்லை மற்ற துறை ஏற்காது. நானே ஒரு தடவை அளவுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு இப்படி ஏமாந்தேன்.

5. வழி இருக்கிறதா?

இதை ஐந்தாவதாகப் போட்டிருக்கிறேன், ஆனால் நிலம் வாங்குகிறவருக்கு இதுதான் முதல் கேள்வி.

காட்டுக்கு நடுவில் இருக்கும் நிலத்துக்கு வண்டிப்பாதை காப்புக்காட்டின் வழியே வரும். நாற்பது வருடமாக மாட்டு வண்டி போன தடம் என்பது உரிமை ஆகிவிடாது. அந்தக் காட்டைக் காப்புக்காடாக அறிவித்த காலத்தில் வன நிர்ணய அலுவலர் விசாரித்து எந்தெந்த ஊருக்கு எந்த வழி, எந்த ஓடையில் தண்ணீர், எங்கே மேய்ச்சல் என்று உத்தரவு போட்டிருப்பார். அந்த உத்தரவில் உங்கள் வழி இருந்தால் அதைக் காட்டி வாதாடலாம். இல்லாவிட்டால் வழி அவர்கள் விடுகிறவரைதான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மாவட்ட வன அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குக் கேளுங்கள்: இன்ன காப்புக்காட்டின் அறிவிக்கை நகலும், அதில் ஏற்கப்பட்ட வழி மற்றும் நீர் உரிமைகளின் பட்டியலும் வேண்டும் என்று. 30 நாளில் பதில் தர வேண்டும்.

சரணாலயத்துக்குள் சொத்துரிமை உள்ளவர் போய் வருவதைச் சட்டம் தடுக்கவில்லை (பிரிவு 27). நீங்கள் நடந்து போகலாம், சரி. செங்கல் லோடு லாரி போகுமா, இரவு போகுமா, தடத்தில் மண் கொட்டி அகலப்படுத்தலாமா என்பதெல்லாம் வேறு கேள்விகள். காப்புக்காட்டில் புதிதாகச் சாலை போடவோ, குழாய் பதிக்கவோ, மின்கம்பம் நடவோ ஒன்றிய அரசின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி முன் அனுமதி வேண்டும். சரணாலயம் என்றால் வன உயிரின வாரியத்தின் பரிந்துரையும் சேரும். தனி ஒருவர் அந்த அனுமதியை வாங்கியதை நான் பார்த்ததில்லை. அதனால் 'மின்சாரம் அப்புறம் இழுத்துக்கலாம்' என்ற கணக்கை விட்டுவிட்டு முதலிலேயே சோலார் என்று திட்டமிடுங்கள்.

6. மாவட்ட வன அலுவலருக்கு எழுத்தில் கேளுங்கள்

வனக் காவலரிடமோ வனவரிடமோ வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டு வேலை தொடங்குவதுதான் பெரிய தவறு. அவர் நல்ல மனிதராகவே இருப்பார். 'கட்டிக்கப்பா, யாரு கேக்கப் போறாங்க' என்பார். ஆறு மாதத்தில் மாறுதலாகிப் போய்விடுவார்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நாலு மூலைப் புள்ளிகள், அருகிலுள்ள எல்லைக் குவியல் எண்கள், இத்தனை மீட்டர் தூரம். பிறகு நாலே கேள்வி: நிலம் காப்புக்காடு அல்லது சரணாலயத்துக்குள் வருகிறதா? பிரிவு 4 அல்லது பிரிவு 18 அறிவிக்கையில் இருக்கிறதா? சூழல் உணர்திறன் மண்டலத்துக்குள் வருகிறதா? யானை வலசைப் பாதையில் இருக்கிறதா? கடைசியில் என்ன கட்டப் போகிறீர்கள், எத்தனை சதுர அடி, யாருக்காக என்று இரண்டு வரி. ஐந்து காகிதங்களையும் இணைத்து, ஒரு நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் 'கட்டிடத்துக்கு ஆட்சேபணை இல்லை' என்ற சான்றைக் கேட்காமல் இந்த நாலு கேள்வியைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நிலம் எங்கே இருக்கிறது என்பது தகவல். அதைத் தருவதில் யாருக்கும் தயக்கம் இல்லை. ஆட்சேபணை இல்லை என்பது பொறுப்பு. ஃபைல் மேஜை மேஜையாக நிற்கும். தகவல் கையில் வந்த பிறகு பொறுப்பைக் கேட்டால் மறுப்பதற்கும் காரணம் எழுத வேண்டியிருக்கும். எனக்கு முதல் பதில் வர ஏழு வாரமும், இரண்டாவது வர நாலு மாதமும் ஆனது. நடுவில் வனச்சரகர் நேரில் வந்து பார்த்தார். அன்று நாம் இடத்தில் இருப்பது நல்லது. நான் இருந்தேன், மூலைக் கல்லைக் காட்டினேன், பத்து நிமிடத்தில் முடிந்தது.

தகவல் உரிமைச் சட்டப்படி வந்த பதிலை அனுமதி என்று நினைத்துவிடாதீர்கள். அது வெறும் தகவல்தான்.

7. என்ன கட்டலாம், என்ன கூடாது

சூழல் உணர்திறன் மண்டல அறிவிக்கைகளில் மூன்று பட்டியல் இருக்கும்: தடை செய்யப்பட்டவை, ஒழுங்குபடுத்தப்பட்டவை, ஊக்குவிக்கப்படுபவை. உங்கள் சரணாலயத்துக்கான அறிவிக்கையை வரி வரியாகப் படிக்க வேண்டும். இருந்தாலும் பொதுவான போக்கு ஒன்று உண்டு.

குவாரி, கிரஷர், மரம் அறுக்கும் மில், செங்கல் சூளை, மாசுபடுத்தும் தொழிற்சாலை ஆகியவை தடைப் பட்டியலில் இருக்கும். செங்கல் சூளைக்குத் தடை என்பதைச் சிறு விவசாயிகள் கவனிப்பதில்லை. சொந்த மண்ணை எடுத்து, சொந்த வீட்டுக்கு நானே கல் சுட்டுக்கொள்கிறேன் என்பது நம் ஊர் வழக்கம். அதை விட்டுவிட்டு வெளியிலிருந்து வாங்குங்கள்.

மண்டலத்துக்குள் இருக்கும் விவசாயம், தோட்டம், பால் மாடு ஆகியவற்றை நடைமுறையிலுள்ள சட்டத்துக்கு உட்பட்டு உள்ளூர்க்காரர்கள் தொடரலாம். இயற்கை விவசாயம், மழைநீர்ச் சேமிப்பு, சோலார் ஆகியவை ஊக்குவிக்கப்படும் பட்டியலில் வரும்.

இடையில் இருக்கும் பட்டியலில்தான் கவனம் வேண்டும். பெரும்பாலான அறிவிக்கைகளில், சரணாலய எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரைக்குள், அல்லது மண்டலம் அதற்குள்ளேயே முடிந்தால் அதுவரைக்குள், புதிய வணிகக் கட்டிடம் கூடாது. ஓட்டல், ரிசார்ட் கூடாது. ஆனால் உள்ளூர் மக்கள் தங்கள் சொந்த நிலத்தில் தங்கள் குடியிருப்புக்காகக் கட்டிக்கொள்ளலாம். இந்த வாக்கியத்தில் 'உள்ளூர்', 'சொந்த நிலம்', 'குடியிருப்பு' என்று மூன்று சொல் இருக்கிறது. மூன்றையும் நீங்கள் நிரூபிக்க வேண்டும். ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் அந்த ஊர் முகவரியில் இருந்தால் நல்லது. பெங்களூர் முகவரியோடு வருகிறவரிடம் கேள்வி கூடுதலாகத்தான் வரும்.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இஞ்சினியர் பழைய வேலையின் பிளானையே திருத்திக் கொடுத்தார். உள்ளே எல்லாம் சரி, மூலையில் இருந்த தலைப்பை மாற்ற மறந்துவிட்டார். 'உத்தேச விருந்தினர் இல்லம்' என்று இருந்தது. அந்த ஒரு வரியால் சொந்த வீடு வணிகக் கட்டிடமாகிவிட்டது. வீட்டம்மா கேட்டாராம்: 'ஏங்க, நம்ம வீட்டுக்கு எந்த விருந்தாளி வர்றான்?' மனுவைத் திரும்பப் பெற்று, புதிய பிளானோடு மறுபடி வரிசையில் நின்றார்கள். 'பின்னாடி ஹோம்ஸ்டே விடலாம்' என்ற எண்ணம் இருந்தால் அதைத் தனியாக, வெளிப்படையாகக் கேளுங்கள். வீட்டு மனுவுக்குள் ஒளித்துவைக்காதீர்கள்.

விவசாய நிலத்தைக் குடியிருப்புப் பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கும் இந்த அறிவிக்கைகளில் வழி உண்டு. கண்காணிப்புக் குழுவின் பரிந்துரை தேவைப்படும். பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர்தான் அதற்குத் தலைவர். முழு இரண்டு ஏக்கருக்கும் கேட்காமல் வீடு நிற்கும் ஐந்து, பத்து சென்ட்டுக்கு மட்டும் கேளுங்கள். மீதி நிலம் விவசாயமாகவே இருக்கட்டும். கேட்கும் பரப்பு கூடக் கூட, 'இவர் மனை போடப் போகிறாரோ' என்ற சந்தேகமும் கூடும்.

8. கட்டிட அனுமதி

இப்போதுதான் பிளான். வனத்துறையின் பதில், ஹாக்கா கிராமமா இல்லையா என்ற விவரம், நிலப் பயன்பாட்டு மாற்றம் தேவையென்றால் அதற்கான ஆணை, இவற்றோடு ஊராட்சிக்கோ நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கோ விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள், 2019 பொருந்தும். ஒற்றைச் சாளர இணையதளம் வழியாகவே போகலாம்.

2024 ஜூலையிலிருந்து சிறு வீடுகளுக்குச் சுயசான்று முறை வந்திருக்கிறது: 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டிடம். உடனே அனுமதி வந்துவிடும். காட்டோரத்தில் இதைக் கண்டு அவசரப்பட வேண்டாம் என்பேன். சுயசான்று என்றால் எல்லா விதிக்கும் உட்பட்டது என்று நீங்களே உறுதி கொடுக்கிறீர்கள். கம்ப்யூட்டர் உங்கள் நிலத்துக்கும் சுண்ணாம்புக் குவியலுக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்காது. பிறகு கேட்பவரிடம் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

கொட்டகைக்கும் ஒரு வார்த்தை. மாட்டுக் கொட்டகை, பம்ப் ரூம் என்று சொல்லிவிட்டு டைல்ஸ் ஒட்டி, கழிவறை வைத்தால் அது வீடு. ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் கழிவறையைத்தான் பார்ப்பார்கள்.

9. வேலி

வீட்டை விட இங்கே தப்பு செய்தால் விளைவு கொடுமை. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் ஒரு விளைநிலத்தில் அனுமதியில்லாமல் மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் மூன்று யானைகள் இறந்தன. தாயை இழந்த இரண்டு குட்டிகள் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன. பன்றிக்குப் போட்ட கம்பிதான் அது.

அந்த ஆண்டே மின்வேலிகளைப் பதிவு செய்வதற்கும் ஒழுங்குபடுத்துவதற்கும் தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. காப்புக்காட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் சோலார் வேலி உட்பட எந்த மின்வேலி போட்டாலும் வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். ஏற்கெனவே இருப்பதையும் பதிவு செய்ய வேண்டும். இந்திய தர நிர்ணயத்துக்கு உட்பட்ட கருவி வாங்கி அதன் பில்லை மனுவோடு வையுங்கள். விட்டு விட்டு அடிக்கும் துடிப்பு மின்சாரம் விலங்கை விரட்டும், கொல்லாது. லைனிலிருந்து நேராக இழுத்தது கொல்லும். அதற்குச் சிறைத் தண்டனை உண்டு.

கம்பி வேலியே ஆனாலும் எங்கே போடுகிறீர்கள் என்று பாருங்கள். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை பன்னேருகட்டா பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக யானை வரும்; ராகி முற்றும் காலமும் அதுதான். அவை நடக்கும் தடத்தை ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்கள். எங்கள் பக்கத்து நிலத்துப் பெரியவர் சொன்னார்: 'தம்பி, இந்தப் புளியமரத்துக்கும் அந்தப் பாறைக்கும் நடுவுல விட்டுரு. அது அதுக வழி.' விட்டேன், ஆறு சென்ட் போனது. அடுத்த வருடம் மேல்பக்கத்தில் முழுக்க அடைத்தவரின் கல்தூண்கள் பதினேழு சாய்ந்து கிடந்தன.

10. வேலை நடக்கும்போது

கட்டிட ஆட்கள் சமைக்க விறகுக்குக் காட்டுக்குள் போவார்கள். ஓடையிலிருந்து மணல் எடுப்பார்கள், அஸ்திவாரத்துக்குக் கல் பொறுக்குவார்கள். சரணாலயத்திலிருந்து எதை எடுத்தாலும் குற்றம். பிடிபட்டால் உங்கள் பெயரும் சேரும். ஒரு கேஸ் அடுப்பு வாங்கிக் கொடுங்கள், வழக்கை விட மலிவு. யானைக் காலத்தில் தகரக் கொட்டகையில் ஆட்களை இரவு தங்கவைக்காதீர்கள்.

உங்கள் நிலத்திலேயே நிற்கும் சந்தனம் போன்ற மரங்களை வெட்டும் முன்பும் கேட்க வேண்டும். மாடு வைத்திருப்பவர்கள் சரணாலயத்துக்குள் மேய்க்கலாம் என்று எண்ண வேண்டாம். 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகத்துக்குள் மேய்ச்சலைத் தடுத்திருக்கிறது.

11. பட்டாவே இல்லாதவர்கள்

மேலே சொன்னது எல்லாம் பட்டாதாரருக்கு. காட்டு நிலத்திலேயே தலைமுறையாக உழுதுவரும் இருளர், மலையாளி (மலைப் பழங்குடியினர்) குடும்பங்களுக்கு வழி வேறு: வன உரிமைச் சட்டம், 2006. அது சரணாலயத்துக்குள்ளும் செல்லும். பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அனுபவத்தில் இருந்திருக்க வேண்டும். மற்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். மனு கிராமசபையிலிருந்து தொடங்கி, கோட்ட அளவுக் குழு, மாவட்டக் குழு என்று போகும். அதிகபட்சம் நாலு ஹெக்டேர். கிடைக்கும் உரிமை பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. யாராவது 'வன உரிமைப் பட்டா நிலம் விலைக்கு இருக்கிறது' என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

12. நோட்டீஸ் வந்தால்

வாங்க மறுக்காதீர்கள். மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள், நாள் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். வாங்கி, மேலே கிடைத்த தேதியை எழுதுங்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று முதலில் பாருங்கள்: வனச் சட்டம் என்றால் எல்லைத் தகராறு, கூட்டு அளவைக் கேளுங்கள். வன உயிரினச் சட்டம் என்றால் உடனே வக்கீலைப் பாருங்கள். கட்டிட விதி என்றால் பெரும்பாலும் பிளானைத் திருத்தி மறுபடி கொடுக்க வாய்ப்பிருக்கும்.

வேலையை அன்றே நிறுத்தி, எந்த நிலையில் நின்றது என்று தேதியோடு போட்டோ எடுங்கள். நோட்டீஸுக்குப் பிறகும் கட்டினார் என்ற பெயர் வந்தால் அதற்கு முன்பு இருந்த நியாயமும் போய்விடும். பதிலைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். ஆறாவது படியில் முத்திரை வாங்கிய அந்த நகல் இப்போதுதான் வேலைக்கு வரும். பதிலின் முதல் இணைப்பாக அதை வையுங்கள்.